ஆசந்தியும் அன்னையும்: மன்னார்க் கத்தோலிக்கச் சடங்குகளின் உளவியற் குறியீடுகள் — ஒரு வரலாற்று நோக்கு

1

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் இலக்கிய முயற்சிகள் பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அவர்தம் கூத்து மரபும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடகங்களைப் பதிப்பித்த காலந்தொட்டு ஆய்வாளர் கவனத்தைப் பெற்று வந்துள்ளது. ஆயின் அவ்விலக்கியத்துக்கும் கூத்துக்கும் விளைநிலமாக அமைந்த சடங்குகள் அத்தகைய கவனத்தைப் பெற்றன என்று சொல்வதற்கில்லை. பக்தர்கள் அவற்றை விசுவாசத்தின் வெளிப்பாடு என்று கூறி அமைவர். முற்போக்காளருட் சிலரோ, போர்த்துக்கேயரின் வாளோடு வந்த சிலுவை என்று ஒரே வாக்கியத்தில் அவற்றைக் கடந்துவிடுவர். இவ்விரு நோக்குகளும் ஒரு கேள்வியை எழுப்பாமலே விட்டுவிடுகின்றன. வாளோடு வந்த போர்த்துக்கேயர் 1658இல் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டனர். வாள் போன பின்னரும் சிலுவை நிலைத்தது ஏன்? அடுத்து வந்த ஆட்சியாளர் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய நிலையிலும், மீனவரும் முத்துக்குளிப்போருமான மக்கள் அதனைக் கைவிடாதது ஏன்?

இக்கேள்விக்கு விடை காண்பதற்குச் சடங்கின் உளவியலை நோக்குதல் இன்றியமையாதது. ஆயின் எந்த உளவியல் என்பதிலே தெளிவு வேண்டும். புரொய்ட் 1907இல் எழுதிய கட்டுரையொன்றில் சமயச் சடங்கினை நரம்புநோயாளரின் கட்டாயச் செயல்களோடு ஒப்பிட்டார். யுங், கத்தோலிக்கப் பூசையையே எடுத்துக்கொண்டு, அதனை மனித இனத்தின் கூட்டு நனவிலியில் உறைந்துள்ள உருமாற்றக் குறியீடாக விளக்கினார். முன்னவர் சடங்கைத் தனிமனிதனின் குழந்தைப் பருவத்துட் புகுத்தினார்; பின்னவர் அதனைக் காலங்கடந்த ஆதிப்படிமங்களிடம் ஒப்படைத்தார். இருவரிடத்தும் வரலாறு இல்லை. தாய் என்னும் ஆதிப்படிமம் உலகெங்கும் உள்ளதாயின், மன்னாரின் தாய் மட்டும் ஏன் காட்டுக்குள் ஓடி ஒளிந்த தாயாக இருக்கிறாள் என்பதற்கு யுங்கிடம் விடை இல்லை.

சமயத்தை உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான மறுப்பாகவும் ஒருசேரக் கண்டவர் மார்க்ஸ். 1844ஆம் ஆண்டின் அந்தச் சிந்தனையில் முதற்பாதியைப் பலரும் நினைவிற் கொள்வதில்லை. துன்பம் உண்மையானது என்பதே அம்முதற்பாதி. எனவே குறியீட்டை ஆராய்பவன் எந்தத் துன்பம், எவருடைய துன்பம், எக்காலத்துத் துன்பம் என்று வினவுதல் வேண்டும். மன்னார்ச் சடங்குகளின் மையமாக உள்ள இரு குறியீடுகளை, அதாவது பெரிய வெள்ளியன்று தூக்கப்படும் ஆசந்தியையும் மடுவில் வீற்றிருக்கும் அன்னையையும், இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மன்னாரின் கத்தோலிக்க வரலாறு இழப்பிலே தொடங்குகின்றது. 1535 முதல் 1537 வரையில் எதிர்க்கரையான முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துப்படுகைகள் மீதான உரிமைப் போட்டியிற் போர்த்துக்கேயரின் கடற்படைப் பாதுகாப்பைப் பெறுவதே அதற்கு உடனடிக் காரணமாயிற்று. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவர் மூலம் 1544இல் மன்னார் மக்கள் அதே சமயத்தைத் தழுவினர். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, அவ்வாண்டிலேயே படை அனுப்பி அவர்களைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் தொகை 600 முதல் 700 வரை என்று திருச்சபை மரபு கூறும்.

இந்நிகழ்ச்சியைச் சமயவெறி என்று மட்டும் கொள்வது போதாது. மதம் மாறியவன் போர்த்துக்கல் மன்னனின் குடியாகக் கருதப்பட்ட காலம் அது. கரையோரக் குடிகள் கைமாறினால் அவர்தம் உழைப்பும் முத்து வருவாயும் துறைமுக வரியும் உடன் கைமாறும். அரசியற் பொருளாதார மோதலொன்று சமய வடிவிலே வெளிப்பட்டது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் உழைக்கும் மக்கள். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். புன்னைக்காயற் பரதவர் பலர் அங்குக் குடியேற்றப்பட்டனர். அடுத்த நூறாண்டுகள் தேவாலயங்களின் காலமாயின.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என அறிவிக்கப்பட்டது. கோவையிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் 1687இல் யாழ்ப்பாணத்தை அடையும் வரையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இம்மக்கள் குருமார் இன்றியே வாழ்ந்தனர். இந்த முப்பது ஆண்டுகள் நமது பொருளுக்கு மிக முக்கியமானவை. குரு இன்றிப் பூசை இல்லை. ஆயின் செபமாலைக்கும் பிரலாபத்துக்கும் சுரூப வணக்கத்துக்கும் குரு வேண்டியதில்லை. எஞ்சிய சமயம் மூப்பர்களும் உபதேசிமாரும் முதிய பெண்களும் காத்த சமயமாகும். திருச்சபையின் உத்தியோகபூர்வமான வழிபாட்டுக்குப் புறத்தே, மக்கள் கையில் நின்ற சடங்குகள் இப்பகுதியில் இத்துணை வலிமை பெற்றமைக்கு இதுவே வரலாற்றுக் காரணம் எனலாம்.

3

அச்சடங்குகளுட் புகுமுன் அவற்றை நிகழ்த்தியவரின் தொழிலை நோக்குதல் வேண்டும். திரோபிரியாந்துத் தீவினரை ஆராய்ந்த மலினோவ்ஸ்கி, காயலின் அமைதியான நீரில் மீன்பிடிப்போர் மந்திரச் சடங்குகளை நாடுவதில்லை என்றும், ஆபத்து நிறைந்த திறந்த கடலிற் பிடிப்போரே விரிவான சடங்குகளைக் கைக்கொள்வர் என்றும் கண்டார். அறிவும் திறனும் எட்டாத எல்லையிலே சடங்கு தொடங்குகின்றது.

மன்னாரில் இவ்வுண்மையை ஆட்சியாளரே உணர்ந்திருந்தனர். அரிப்பு, சிலாபத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், கடல்கட்டி எனப்பட்ட மந்திரவாதி கரையில் நின்று சுறாக்களின் வாயைக் கட்டுவான். அவனின்றிக் குளிப்போர் நீரில் இறங்க மறுத்தனர். மூடநம்பிக்கை என்று அதனை இகழ்ந்த பிரித்தானிய அரசாங்கமே கடல்கட்டிக்குச் சம்பளமும் கொடுத்தது. சடங்கின் உளவியல் அதற்கு விளங்காமலில்லை. அச்சம் நீங்கிய உடலே ஆழத்துள் இறங்கும், இறங்கும் உடலிலிருந்தே வருவாய் பிறக்கும். உழைப்பவனுக்கு ஆறுதலாக நின்ற அதே சடங்கு, உழைப்பைப் பெறுபவனுக்கு உற்பத்திக் கருவியாகவும் நின்றது. சடங்கின் இந்த இரட்டைத் தன்மையைப் பின்னரும் காண்போம்.

கடற்றொழிலுக்கு வேறோர் இயல்பும் உண்டு. வயலில் இறப்பவனின் உடல் வீடு வந்து சேரும்; கடலில் இறப்பவனின் உடல் பெரும்பாலும் வருவதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி தலைமன்னார்க் கரையையும் தாக்கியது. அது பெருநிகழ்ச்சியாதலின் வரலாற்றில் இடம்பெற்றது. ஆனால் ஒரு வள்ளம் திரும்பாத இரவுகள் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. நீராட்டிக் கிடத்துவதற்கு உடல் இல்லை. கட்டியழுவதற்குத் தலைமாடு இல்லை. மண்போடுவதற்குக் குழி இல்லை. 1917இல் வெளிவந்த துக்கம் பற்றிய கட்டுரையில், அன்புக்குரியவர் இனி இல்லை என்ற மெய்ம்மையை மனம் சிறிதுசிறிதாகச் சோதித்து ஏற்பதே துக்கத்தின் வேலை என்று புரொய்ட் விளக்கினார். உடலே காணப்படாதவிடத்து அச்சோதனை எப்படி நிறைவுறும்? புரொய்டின் ஏனைய முடிவுகளை ஏற்காதவரும் இக்கருத்தினைப் புறக்கணித்தல் இயலாது.

4

இப்பின்னணியிற் பெரிய வெள்ளியை நோக்குவோம். அன்று ஆலயமணி ஒலிப்பதில்லை. மரத்தட்டின் வறண்ட ஓசையே கேட்கும். தபசுகால முடிவில் சுரூபங்கள் துணியால் மூடப்பட்டிருக்கும். கிறிஸ்துவின் உருவம் சிலுவையினின்று இறக்கப்பட்டு, ஆசந்தியிலே கிடத்தப்பட்டு, ஊர் மக்களால் தூக்கிச் செல்லப்படும். மூட்டுக்கள் அசையுமாறு மரத்தாற் செய்யப்பட்ட உருவங்களைக் கொண்டு பாடுகளின் வரலாற்றை நிகழ்த்தும் உடக்குப்பாஸ் மரபு மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் வழங்கியது. பேசாலை அதன் முக்கிய நிலைக்களங்களுள் ஒன்று. பாஸ் என்பது போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. ஆயின் ஆசந்தி, அதாவது பாடை, நம்முடைய சொல். வடிவம் இறக்குமதியானது, அதனுள்ளே நிகழ்வது ஊர்ச் சாவீடு.

அச்சாவீட்டுக்கு மொழி தந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள். கோவையிற் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்று, 1742இல் மறையும் வரையில் இரு மொழிகளிலும் எழுதியவர் அவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலத்திற் படிக்கப்படுவதற்கென எழுந்தது. இன்றும் கரையோர ஊர்களில் அது வெறுமனே வாசிக்கப்படுவதில்லை. ஒப்பாரியின் நீண்ட இழுவையோடு இசைக்கப்படுகின்றது. கேட்போர் அழுகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் 60கள் வரையிற் பூசை இலத்தீனிலே நடந்தது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பலிபீடத்தின் மொழி குருவினுடையது. பிரலாபத்தின் மொழியே மக்களுடையது. தமிழில், அதிலும் சாவீட்டுத் தமிழில், பேசுவதற்கு அவர்களுக்கிருந்த இடம் இதுவே.

இங்கு அழுபவர் எவருக்காக அழுகின்றனர்? மகனைப் பறிகொடுத்த வியாகுல மாதாவின் குரலிலே, கடலுக்கு மகனைக் கொடுத்த தாயும் பேசுகின்றாள். ஆசந்தியில் உள்ள மர உருவம், வராத உடல்களுக்கெல்லாம் பதிலாக வந்த உடல். அதற்கு நறுமணம் பூசலாம், முத்தி செய்யலாம், தோளிலே சுமந்து அடக்கத்துக்குக் கொண்டு செல்லலாம். வீட்டில் நிறைவேறாத கடன், ஆலய முற்றத்தில் ஊர் கூடி நிறைவேற்றப்படுகின்றது. நரம்புநோயாளனின் கட்டாயச் செயல் அவனைப் பிறரிடமிருந்து பிரிக்கும். இச்சடங்கோ தனித்தழுதவளை ஏனையோருடன் சேர்க்கின்றது. இவ்வேறுபாட்டினை 1907ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஒப்புமை கணக்கிலெடுக்கவில்லை. கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியிட்ட நூலொன்றில், பொதுக் குறியீடு தனிமனிதரின் அந்தரங்க அனுபவத்தை ஏற்றுத் தனிக் குறியீடாகவும் தொழிற்படுதலைக் கதிர்காமப் பக்தர்களை ஆதாரமாக்கி விளக்கியுள்ளார். மன்னாரில் அது மறுதிசையிலும் நிகழ்கின்றது. தனித்தனியான துயரங்கள் ஒன்றுதிரண்டு, பொதுக் குறியீட்டுக்கு உயிரூட்டுகின்றன.

கூத்தினையும் இதனோடு சேர்த்தே நோக்கல் வேண்டும். வடபாங்கு, தென்பாங்கு என்னும் இரு மரபுகளிலும் அண்ணாவிமார் பயிற்றிய நாடகங்களில், விசுவாசத்துக்காக உயிர்நீத்தோர் கதை மீண்டும் மீண்டும் வருகின்றது. ஐரோப்பியப் பெயர் தாங்கிய அரசர் கொலுவில் வந்து கட்டளையிடுவர், நிரபராதி வெட்டுப்படுவான். 1544இன் நினைவைச் சுமக்கும் மக்களுக்கு அக்கொடுங்கோலரசன் அந்நியன் அல்லன்.

5

இரண்டாவது குறியீடு மடு அன்னை. மாந்தைத் தேவாலயத்திலிருந்த மாதா சுரூபத்தை, ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி 1670இல் இருபது குடும்பங்கள் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டிலுள்ள மருதமடுவை அடைந்தன என்பது மரபு. கோயிலின் தோற்றக் கதைகள் பொதுவாகத் தெய்வம் ஓரிடத்தில் வெளிப்பட்டதைக் கூறும். மடுவின் கதையோ தெய்வம் ஓரிடத்தை விட்டு வெளியேறியதைக் கூறுகின்றது. மக்களைக் காத்த தாயை மக்களும் காத்தனர். அவர்கள் அகதியானபோது அவளும் அகதியானாள்.

காட்டிலே அச்சத்தின் வடிவம் மாறிற்று. கடலில் சுறாவும் சூறாவளியும். காட்டில் காய்ச்சலும் பாம்பும். மடுவின் மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை வளர்ந்து, யாத்திரிகர் அதனை எடுத்துச் செல்லும் வழக்கமாயிற்று. பாம்பின் தலையை மிதித்து நிற்கும் மரியன்னையின் உருவம் திருச்சபையின் பொதுச்சொத்து. அது வன்னியில் உயிருள்ள நம்பிக்கையானமைக்குக் காரணம், காடு வெட்டிக் களனி திருத்தியவனின் வெறுங்கால். நாகதம்பிரானை வணங்கிய அயலவர்களும், சிங்கள யாத்திரிகரும் மடுவுக்கு வந்தனர். கண்ணகியாகவும் பத்தினியாகவும் இரு இனத்தவரும் வழிபட்ட தாய்த்தெய்வ மரபின் சாயல் மடு அன்னை மீதும் படிந்தது என ஆய்வாளர் கருதுவது பொருத்தமே.

1847இல் வந்த அமலமரித் தியாகிகள் மக்கள் கையிலிருந்த சமயத்தைப் பங்கு முறையின் ஒழுங்குக்குட் கொண்டுவந்தனர். 1872இல் பொன்ஜீன் ஆண்டகை மடுவில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1924 ஜூலை 2ஆம் நாள், பாப்பரசரின் பிரதிநிதி சுரூபத்துக்கு முடிசூட்டினார். ஓடிவந்த தாய் அரசியானாள். இது பெருமைக்குரிய நிகழ்ச்சியாகவே போற்றப்படுகின்றது. ஆயின் அகதியின் குறியீடு அதிகாரத்தின் குறியீடாக மாற்றப்பட்டதையும் ஆய்வாளன் காணத் தவறலாகாது.

அம்மாற்றம் முற்றாக நிறைவேறவில்லை என்பதைப் பிற்கால வரலாறு காட்டிற்று. 1990 முதல் மடு ஆயிரக்கணக்கான அகதிகளின் முகாமாயிற்று. 1999 நவம்பரில் அங்குத் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து 40 பேர் வரையில் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது, சுரூபம் ஆலயத்தினின்று எடுக்கப்பட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது; அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மீண்டது. 338 ஆண்டுகளின் பின்னர் அன்னை மீண்டும் அகதியானாள். இதனைக் கண்ட மக்களுக்கு 1670ஆம் ஆண்டுக் கதையை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் தாய் தன்னோடு புறப்பட்டாள் என்ற உணர்வு, வீடு இழந்தவனுக்குக் கொடுக்கும் ஆறுதலை மயக்கம் என்று கூறிவிடலாம். ஆனால் அவன் வீடு இழந்தது மயக்கமன்று.

6

குறியீடு துயரத்தைச் சுமக்கும். அதே வேளையில் துயரத்தின் காரணத்தை மறைக்கவும் செய்யும். கடலுக்குப் போனவன் திரும்பாமைக்கு விதியும் தேவசித்தமும் மட்டும் காரணமல்ல. பழுதான வள்ளமும், சம்மாட்டியிடம் பட்ட கடனும், கடனுக்காகக் காற்று நாளிலும் தொழிலுக்குப் போக வேண்டிய நிலையும் காரணங்களே. பிரலாபத்தில் இவற்றுக்கு இடமில்லை. சுரூபம் தூக்கும் உரிமையிலும் கூத்திற் பாத்திரம் பெறும் உரிமையிலும் ஊரின் படிநிலை வெளிப்படுவதுண்டு. ஒன்றாக அழுபவர்கள் அழுது முடிந்ததும் தத்தம் இடத்துக்கே திரும்புகின்றனர்.

இதனினும் பாரதூரமானது, காயத்தின் நினைவு அயலவனுக்கு எதிராகத் திரும்புவதாகும். மன்னார்க் கத்தோலிக்கனுக்கு 1544 ஒரு காயம். சைவனுக்கோ போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை அழித்தமை ஒரு காயம். இரு காயங்களும் ஒரே பொருளாதார மோதலின் விளைவுகள். இரண்டையும் ஏற்படுத்தியோர் முடியும் கப்பலும் உடையோர். இருந்தும் 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முன்னாளில், மாந்தைச் சந்தியில் திருக்கேதீச்சர வளைவு பற்றிய தகராற்றில், கத்தோலிக்கர் சிலர் அதனைப் பிடுங்கி எறிந்தனர். 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும் இதே மண்ணில்தான். வெளியேற்றப்பட்ட தாயை வணங்கும் சமூகம், வெளியேற்றப்பட்ட அயலவனிடத்து அத்தாயின் சாயலைக் காணத் தவறுமாயின், குறியீடு தன் பொருளில் ஒரு பாதியை இழந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

7

உடல் இல்லாச் சாவு இன்று கடலுக்கு மட்டும் உரியதன்று. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரசாங்கப் புள்ளிவிவரங்களையே ஆதாரமாக்கி, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். ஆலயப் பிரலாபத்தில் வியாகுல மாதாவின் குரலாக ஒலித்தது, அன்று எண்ணாகவும் கேள்வியாகவும் அரசின் முன் வைக்கப்பட்டது. இம்மாற்றம் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது.

2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் 80க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் நகரின் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அக்குழியின் ஓரத்தில் வந்து நின்றனர். அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் காலக்கணிப்பு, பரிசோதிக்கப்பட்ட மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என 2019 மார்ச்சில் அறிவித்தது. குடும்பத்தினர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. கணிப்புச் சரியாயின், மகனைத் தேடிய தாய் கண்டது சங்கிலியும் போர்த்துக்கேயரும் வாழ்ந்த காலப்பகுதியின் பெயரற்ற இறந்தோரை. கணிப்புத் தவறாயின், அவளுடைய தேடல் முடியவில்லை. எவ்வாறாயினும் அவள் தேடிய உடல் அவளிடம் ஒப்படைக்கப்படவில்லை.

ஆசந்தியும் அன்னையும் காலங்கடந்த நனவிலியின் படைப்புக்கள் அல்ல. வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட கரையில், குறிப்பிட்ட உழைப்பில், குறிப்பிட்ட ஒடுக்குமுறைகளின் கீழ் வாழ்ந்த மக்கள், இழப்பைத் தாங்குவதற்கு ஆக்கிக்கொண்ட கருவிகள். அவற்றை எள்ளி நகையாடுபவன் அம்மக்களின் வரலாற்றையே எள்ளுகின்றான். அவற்றைப் போற்றுவதோடு நின்றுவிடுபவனும் அவர்களுக்கு நீதி செய்பவன் அல்லன். சடங்கு இறந்தவனுக்குப் பதிலாக ஓர் உடலைத் தரும். அவன் எங்கே, எவரால், ஏன் இறந்தான் என்னும் விடையை அதனால் தர இயலாது. அவ்விடையைத் தரவேண்டிய பொறுப்பு ஆட்சியாளருடையது. அதனை இடைவிடாது கேட்கவேண்டிய பொறுப்பு, ஆசந்தியைத் தூக்குவோர்க்கும் தூக்காதோர்க்கும் பொதுவானது.